உகுலேலேயும் வச்சிரமும்

கிதாரின் குட்டி போலத் தோன்றும் நான்கு தந்தி வாத்தியம் உகுலேலே. இப்போது நம் பேரப்பிள்ளைகள் கையிலும் பார்க்கிறோம். ஹவாய்த் தீவு வாத்தியம் என்றாலும் அதன் பூர்விகம் போர்ச்சுகலைச் சேர்ந்த மடெய்ரா தீவு.

1879 ஆகஸ்ட் 23 அன்று ‘ரேவன்ஸ்கிராக்’ என்ற கப்பல் ஹொனலுலு வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலைக்காகக் குடும்பம் குடும்பமாக வந்த மடெய்ராக்காரர்கள் 400 பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். அவர்களில் மானுவல் நுனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சான்டோ ஆகிய மூவரும் மரவேலை தெரிந்தவர்கள். சில ஆண்டுகளில் ஹொனலுலுவில் கடை போட்டு, மேஜை நாற்காலியோடு தங்கள் ஊர் வாத்தியத்தையும் செய்தார்கள். அதற்கு எடுத்தது, வேல மரத்துக்கு உறவான உள்ளூர்க் ‘கோவா’ மரம். மன்னர் கலாகவா ஆதரித்ததால் அது அரண்மனை வரை போயிற்று.

எனக்கு வியப்பு, அதன் உடல்வாகுதான். மேல்பலகையின் கனம் இரண்டு மில்லிமீட்டருக்குள். நான்கு நரம்புகளும் சேர்ந்து சுமார் 15 கிலோ பாரத்துக்கு இழுக்கின்றன. பலகையைத் தடிமனாக்கினால் நாதம் அமுங்கிவிடும். மிகவும் இழைத்தால் வயிறு உப்பிவிடும். குதிரை பெயர்வது, உள்ளே ஒட்டிய தாங்குசட்டம் விடுவது, வறண்ட காற்றில் மரம் சுருங்கிப் பலகை வெடிப்பது – கையால் செய்த உகுலேலேக்கு வரும் வழக்கமான நோய்கள் இவை.

இத்தனை மெல்லிய வாத்தியம் நூறு வயதுக்கு மேலும் எப்படி ஒலிக்கிறது? ஒரு காரணம் வச்சிரம். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசையின் நாற்றம், தச்சுப்பட்டறைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மறக்காது. அக்காலத்தில் உலகம் முழுவதும் தச்சர்களுக்கு அதுதான் பசை. சூடும் ஈரமும் பட்டால் இளகும். அது குறைதான். ஆனால் அடியோ அதிக இழுப்போ வந்தால், பெரும்பாலும் மரம் பிளக்குமுன் ஒட்டு விட்டுவிடும். தெரிந்தவர் கையில் கொடுத்தால் வெந்நீரும் சூடான கத்தியும் கொண்டு பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி ஒட்டிவிடுவார். மரத்துக்குச் சேதமில்லை.

1916-இல் சாமுவேல் கமாகா தொடங்கிய பட்டறையை ஹொனலுலுவில் அவர் வாரிசுகள் இன்றும் நடத்துகிறார்கள்.

உங்கள் வீட்டு உகுலேலேயின் குதிரை பெயர்ந்தால், பெட்டிக்கடையில் விற்கும் உடனடிப் பசையை ஊற்றிவிடாதீர்கள். பிறகு பிரிக்க முயன்றால் பலகையும் சேர்ந்து பிய்ந்து வரும். நரம்புகளைத் தளர்த்திவிட்டு, வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் அதை வைக்க வேண்டாம்.