சூயஸ் கரையில் நீலத் தலைக்கவசம்

1956 ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் ஜமால் அப்துல் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். அதில் பெரும்பங்கு வைத்திருந்த பிரிட்டனும் பிரான்சும் இதைப் பொறுக்கவில்லை. இஸ்ரேலுடன் இரகசிய உடன்பாடு செய்துகொண்டன. அக்டோபர் 29 அன்று இஸ்ரேலியப் படை சீனாய்ப் பாலைவனத்தில் நுழைந்தது. இரண்டு நாட்களில் பிரிட்டிஷ், பிரெஞ்சு விமானங்கள் எகிப்தின் மீது குண்டு வீசின. சண்டையிடுவோரை விலக்கிவிடவே வந்தோம் என்பது அவர்கள் கூறிய காரணம்!

போரைத் தடுப்பதற்கென்றே 1945இல் தோன்றிய ஐக்கிய நாடுகள் சபை அப்போது என்ன செய்தது என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம். பாதுகாப்புச் சபையால் எதுவும் இயலவில்லை. தாக்கிய இருவருமே 'வீட்டோ' அதிகாரம் பெற்றவர்கள். ஆகவே, வீட்டோவுக்கு இடமில்லாத பொதுச் சபைக்கு விவகாரம் கொண்டுசெல்லப்பட்டது. நவம்பர் 2இல் போர்நிறுத்தத் தீர்மானத்தை 64 நாடுகள் ஆதரித்தன. 5 நாடுகள் மட்டுமே எதிர்த்தன.

தீர்மானம் மட்டும் போதாது, அதைக் காத்து நிற்க ஒரு படை வேண்டும் என்றார் கனடாவின் வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சன். பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷெல்ட் சில நாட்களிலேயே அதற்குத் திட்டம் வகுத்தார். நவம்பர் 15இல் முதல் வீரர்கள் எகிப்தில் இறங்கினர். நீலத் தொப்பி தைக்க அவகாசமில்லாததால், அமெரிக்கத் தலைக்கவசங்களின் உள்கூடுகளுக்கு நீல வண்ணம் பூசி அணிந்தார்களாம். நமது இந்திய வீரர்களும் அப்படையில் இடம்பெற்றனர். டிசம்பர் 22இல் பிரிட்டனும் பிரான்சும் வெளியேறின. 1957 மார்ச்சில் இஸ்ரேலும் பின்வாங்கியது.

இவ்வெற்றி முழுவதும் ஐ.நா.வுக்கே உரியது என்று நாம் கருதவில்லை. பவுண்டு நாணயம் சரிந்துகொண்டிருந்தது. வெளியேறினால்தான் உதவி என்று அமெரிக்கா பிரிட்டனை நெருக்கியது. அதே நவம்பர் 4இல் சோவியத் டாங்கிகள் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகருக்குள் புகுந்தன. அதே பொதுச் சபை அதனையும் கண்டித்தது. ஆனால், மாஸ்கோவை நெருக்குவார் எவருமில்லை, டாங்கிகள் திரும்பவுமில்லை.

எனினும், பத்தாண்டுகள் அந்த எல்லையில் பெரும் போர் மூளவில்லை. அதனைச் சிறிய சாதனை என்று தள்ளிவிட முடியாது. குறை வேறிடத்தில் இருந்தது. அப்படை எகிப்தின் சம்மதத்தோடு, எகிப்தின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதியில் மட்டுமே நின்றது. தன் பக்கத்தில் அதனை ஏற்க இஸ்ரேல் மறுத்திருந்தது.

1967 மே 16இல் எகிப்து அப்படையை விலகச் சொன்னது. இரண்டே நாட்களில் பொதுச் செயலாளர் ஊ தாண்ட் இணங்கினார். அவர் அவசரப்பட்டார் எனப் பலரும் பழித்தனர். சம்மதம் போன பின்பு எந்த உரிமையில் படையை நிறுத்த முடியும்? இஸ்ரேல் தன் பக்கத்தில் ஏற்குமா என்றும் அவர் கேட்டுப் பார்த்தார், அது மறுத்தது. கெய்ரோவுக்கும் விரைந்தார். அதற்குள் திரான் நீரிணை மூடப்படும் என நாசர் அறிவித்துவிட்டார். பாதுகாப்புச் சபை கூடிற்று. வல்லரசுகளிடையே ஒற்றுமை ஏற்படவில்லை.

ஜூன் 5 காலையில் போர் மூண்டது. ஆறே நாட்களில் சீனாய், காஸா, மேற்குக் கரை, கோலான் குன்றுகள் யாவும் இஸ்ரேல் வசமாயின. சூயஸ் கால்வாய் 1975 வரை மூடியே கிடந்தது. விலகும் பணி முடியாமல் காஸாவில் எஞ்சியிருந்த இந்திய வீரர்களுள் 14 பேர் இஸ்ரேலியத் தாக்குதலில் உயிரிழந்தனர்.