பழைய காரும் சில்லின் அளவும்



அளவெட்டி என்றதும் நாதசுவரமும் தவிலும் நம் நினைவுக்கு வரும். என். கே. பத்மநாதனையும் மகாகவி உருத்திரமூர்த்தியையும் ஈன்ற ஊர் அது. இன்று அவ்வூரைப் பற்றிப் பேசப் புகுவது கலையின் பொருட்டன்று. ஒரு சில்லின் பொருட்டு. அளவெட்டி உள்ளிட்ட வலிகாமத்து ஊர்களின் வீதிகளில் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய ஆங்கிலக் கார்கள் நெடுங்காலம் ஓடின. பிற நாடுகளில் அவை காட்சிப்பொருளாகிவிட்ட பின்னரும் இங்கே அவை உழைத்துக்கொண்டிருந்தன.

இதற்குக் காரணம் பழமைப் பற்று மட்டுமன்று. அந்நியச் செலாவணி முடையினால் 1960ஆம் ஆண்டுகளில் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. ஆயினும் 1990இன் பின் போரும் பொருளாதாரத் தடையும் குடாநாட்டைச் சூழ்ந்தன. பெற்றோல் அரிதாயிற்று. அக்காலத்தில் சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்களே அதற்கு இடங்கொடுத்தன. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியவும் அத்தகைய காரே துணையாயிற்று.

இயந்திரத்தை இவ்வாறு ஏமாற்றலாம். ரயரை ஏமாற்ற இயலாது. அதன் அளவு காரோடு பிறந்தது. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ 40 டெவன் 16 அங்குலச் சில்லுடையது. 1958இல் வந்த ஏ 40 பரீனாவோ 13 அங்குலச் சில்லுடையது. பெயர் ஒன்று, அளவு வேறு. 1948இல் மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், சிறிய காரினுள்ளே இடம் மிகவேண்டும் எனக் கருதி 14 அங்குலச் சில்லைத் தெரிந்தார். ஆகவே சில்லின் அளவு தற்செயலானதன்று. அது வடிவமைத்தவரின் எண்ணத்தில் ஒரு பகுதி.

பழைய ரயரில் 5.20-14 என்று இரண்டு எண்களே காணப்படும். முதலாவது ரயரின் அகலம், அடுத்தது சில்லின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். ரயரின் உயரம் அகலத்தை ஏறக்குறைய ஒத்திருந்தமையால் அதனைத் தனியே குறிக்க வேண்டியிருக்கவில்லை. மிசலின் நிறுவனம் 1946இல் உரிமம் பெற்ற ரேடியல் ரயர் பின்னர் உலகெங்கும் பரவியது. ரயர்களும் வரவர அகன்று தாழ்ந்தன. அதனால் மறைந்திருந்த உயரம் மூன்றாவது எண்ணாக வெளிப்பட்டது. 155/80 ஆர் 14 என்பதில் 155 மில்லிமீற்றர் அகலம். அதில் நூற்றுக்கு 80 பங்கு உயரம்.

இன்று மாற்று ரயர் தேடுவோர் இந்த மூன்றாவது எண்ணிலேயே தவறுகின்றனர். மேற்சொன்ன 155/80 ரயரின் முழு விட்டம் ஏறத்தாழ 604 மில்லிமீற்றர். மொறிஸ் மைனரின் பழைய அளவுக்கு மிக அணித்தானது. 165/65 ஆர் 14 என்பதும் 14 அங்குலச் சில்லில் ஏறுவதே. ஆயினும் அதன் விட்டம் 570 மில்லிமீற்றரே. வேகமானி 40 மைல் காட்டும்போது கார் 38 மைலுக்கும் குறைவாகவே ஓடும். கார் தாழும், அதே வேகத்துக்கு இயந்திரம் மிகுதியாகச் சுழலும். மிக அகன்ற ரயரோ ஒடுங்கிய விளிம்பில் செவ்வனே அமராது, மட்காட்டிலும் உரசும்.

எனவே சில்லை மாற்றாது, முழு விட்டத்தையும் சுமை தாங்கும் வலுவையும் ஒப்பிட்டு ரயரைத் தெரிவதே முறை. பழைய இழைக்கட்டு ரயரையும் ரேடியலையும் ஒரே அச்சில் கலத்தல் ஆகாது. பழைய விளிம்புக்கு உள்ளே ரியூப் இடுவதே காப்பு.

தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததைக் கொண்டு ஓட்டியமை மதிநுட்பம். தெரிவுசெய்ய வாய்ப்பிருக்கும் இக்காலத்தில் எண்களைப் படியாது வாங்குவது அவ்வுழைப்புக்குச் செய்யும் மதிப்பாகாது. பஞ்சத்தையும் போரையும் கடந்துவந்த வண்டி, பொருந்தாத ரயரினால் வீழ்தல் தகுமோ?