ஒரு துளி இரத்தத்தில் அகப்பட்ட கட்டி

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் சுரப்பி பிட்யூட்டரி. அதில் கட்டி வந்தால் அந்தக் காலத்தில் உடம்பு உருமாறிய பிறகே தெரியும். 1886-இல் பிரான்சில் பியேர் மரி என்ற மருத்துவர், கையும் காலும் பெருத்துப்போன இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதி, நோய்க்கு 'அக்ரோமெகாலி' என்று பெயர் வைத்தார். நுனி பெருத்தல் என்று பொருள், கிரேக்க வேர். பிரெஞ்சு வழியில் படித்ததால் அந்தச் சொல் எனக்கு உடனே பிடிபட்டது. மோதிரம் இறுகுவதும் செருப்பு அளவு கூடுவதுமே அன்றைய அடையாளங்கள்.

நமக்குப் பக்கத்தில், வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியபோதும், இரத்தத்தில் இந்த ஹார்மோன்களை நுணுக்கமாக அளக்கும் முறை உலகில் எங்குமே இல்லை.

அதைக் கண்டவர்கள் நியூயார்க்கின் ரோசலின் யாலோவும் டாக்டர் சாலமன் பெர்சனும். இயற்பியல் படித்த யாலோ, மேற்படிப்புக்கு வழி தேடி, சுருக்கெழுத்து தெரிந்த செயலராக ஒரு பேராசிரியரிடம் வேலைக்குச் சேரவும் தயாரானவர். எழுத்தராக இருந்த எனக்கு அதில் ஒரு சந்தோஷம். 1950-களின் இறுதியில் இருவரும் இன்சுலினை அளந்து காட்டினார்கள். கதிரியக்க அயோடின் ஒட்டிய ஹார்மோனும் நோயாளியின் ஹார்மோனும், பஸ்ஸில் சீட்டுக்கு முண்டுவது போல, எதிர்ப்பொருளில் இடம் பிடிக்கப் போட்டியிடும். எவ்வளவு கதிரியக்கம் வெளியே நின்றுவிட்டது என்று பார்த்தால், நோயாளியின் ஹார்மோன் அளவு தெரிந்துவிடும். இந்த முறைக்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை. பெர்சன் 1972-இல் இறந்தார். யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று பெரும்பாலும் கதிரியக்கத்துக்குப் பதிலாக ஒளி விடும் பொருளை ஒட்டுகிறார்கள்.

1970-களில் புரோலாக்டின் அளப்பதும் வந்தது. நம் ஊர்ப் பக்கம் இதன் அருமை பெரிது. மாதவிலக்கு நின்று, பிள்ளை பெறாமலே பால் சுரந்தால், பழி முழுவதும் அந்தப் பெண் தலையில்தான் விழும். காரணம் பிட்யூட்டரியில் ஒரு சின்னக் கட்டியாக இருக்கலாம். பெரும்பாலும் மாத்திரையிலேயே அது சுருங்கும். வாந்திக்கும் மனநோய்க்கும் தரும் சில மருந்துகளாலும் அளவு கூடும். என்ன சாப்பிடுகிறோம் என்று மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வளர்ச்சி ஹார்மோன் நேரத்துக்கு நேரம் மாறும். ஆகவே சர்க்கரை நீர் குடிக்க வைத்துப் பார்ப்பார்கள். சாதாரணமாக அளவு இறங்கும். கட்டி இருந்தால் இறங்காது. அறுவைக்குப் பின் கட்டி மீண்டும் வளர்கிறதா என்பதையும் இரத்தமே சொல்லும். அதற்குப் பழைய எண்கள் வேண்டும். வீட்டில் யாருக்காவது இந்தச் சோதனை செய்திருந்தால், ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள்.