புல்லுக்கும் ஒரு டெண்டர்

புல் வளர்வதற்கு எந்தச் சர்க்காரின் உத்தரவும் வேண்டியதில்லை. ஆனால் நகரசபைக்குச் சொந்தமான புல்லை வெட்டுகிற வேலை யாருக்குப் போக வேண்டும் என்பதற்கு பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1988-ல் ஒரு சட்டமே செய்தது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். அதன் பின்னால் இருக்கும் கதை அவ்வளவு வேடிக்கையானதல்ல.

ஊர்ப் பூங்கா என்பது அந்த நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சொத்து. 1840-ல் டெர்பி நகரத்து ஆலை முதலாளி ஜோசப் ஸ்ட்ரட், லௌடன் என்ற தோட்டக்கலை நிபுணரைக் கொண்டு ஒரு மரத் தோட்டம் அமைத்து ஊருக்குக் கொடுத்தார். வாரத்தில் இரண்டு நாள் இலவசம். மற்ற நாட்களில் கட்டணம். பராமரிப்புக்குப் பணம் வேண்டுமே! தானம் கொடுத்தவருக்கே அந்தக் கவலை முதல் நாளிலிருந்து இருந்திருக்கிறது. 1847-ல் பர்க்கன்ஹெட் பூங்கா திறந்தது. சுற்றியிருந்த நிலத்தை மனைகளாக விற்றுச் செலவை ஈடுகட்டுவது ஏற்பாடு. திட்டம் போட்டவர் ஜோசப் பாக்ஸ்டன். கூட இருந்து வேலையை நடத்திய எட்வர்டு கெம்ப், பூங்கா முடிந்த பிறகும் அதன் சூபரிண்டெண்டெண்டாக அங்கேயே தங்கிவிட்டார்.

கெம்ப் போன்றவர்கள்தான் பழைய முறைக்கு அச்சாணி. ஒரு பூங்கா, அதற்கு ஒரு பொறுப்பாளி, அவருக்குக் கீழே தோட்டக்காரர்கள், தொழில் பழகும் பையன்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த மரத்துக்கு நோய் கண்டிருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருந்தது. காகிதத்தில் இல்லை.

அதற்காகப் பழைய ஏற்பாட்டில் குறையே இல்லை என்று வாதாடினால் நியாயமாகாது. எத்தனை சதுர கஜம் புல்வெளி, எத்தனை கஜம் வேலி, ஒரு தடவை வெட்ட என்ன செலவு என்று கேட்டால் பல நகரசபைகளில் பதில் கிடைக்காது. வரி கொடுக்கிறவன் கேட்கத்தானே செய்வான்?

1979-ல் பதவிக்கு வந்த மார்கரெட் தாட்சர் சர்க்கார் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. கட்டட வேலை, சாலை வேலை இவற்றுக்கு நகரசபைகள் கட்டாயமாகப் போட்டி டெண்டர் விட வேண்டும் என்று 1980-ல் சட்டம் வந்தது. 1988-ஆம் வருஷத்துச் சட்டம் குப்பை அள்ளுதல், தெருக் கூட்டுதல், சமையல், வண்டி பழுதுபார்த்தல் ஆகியவற்றோடு பூங்கா பராமரிப்பையும் பட்டியலில் சேர்த்தது. நகரசபையின் சொந்தத் தோட்டக்காரர்களும் வெளிக் காண்டிராக்டரோடு போட்டியிட்டு ஜெயித்தால்தான் தங்கள் பழைய வேலையையே செய்யலாம்!

இதனால் ஆபீஸ் இரண்டாகப் பிளந்தது. நேற்று வரை ஒரே மேஜையில் தேநீர் குடித்தவர்களில் ஒரு பாதி வேலை கொடுக்கிற கட்சி. மறு பாதி வேலை செய்கிற கட்சி. கொடுக்கிறவர்கள் நிலத்தை அளந்தார்கள், படம் வரைந்தார்கள், ஒவ்வொரு பாத்திக்கும் கணக்கு எழுதினார்கள். பல ஊர்களுக்குத் தங்கள் பச்சை நிலம் எவ்வளவு என்பதே அப்போதுதான் தெரிந்தது. அது லாபம்தான், மறுக்க முடியாது.

நஷ்டம் வேறு பக்கத்தில் வந்தது. ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு இத்தனை வெட்டு என்று எழுதினால், மழையில்லாமல் காய்ந்து கிடக்கிற புல்லின் மேலும் யந்திரம் ஓடும்; மழை பெய்து முழங்கால் உயரம் வளர்ந்தாலும் முறை வரும் வரை காத்திருக்கும். சரி, எண்ணிக்கை வேண்டாம், உயரம் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதலாம் என்றால், அதை அளந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தை மிச்சம் பிடிப்பதற்குத்தானே இத்தனை ஏற்பாடும்! ரோஜாப் பாத்திகள் மறைந்து புல்வெளியாயின, வெட்ட எளிது. அவசரத்தில் சுழன்ற கருவி இளங்கன்றுகளின் பட்டையை உரித்தது. பூங்காவோடு இருந்த காவல்காரர் போய், காலையில் ஒரு வண்டியில் வந்து இறங்கி மத்தியானம் அடுத்த ஊருக்குப் போகும் கோஷ்டி வந்தது. வேலையில் அவர்களும் சோம்பேறிகள் அல்ல. ஆனால் எந்தப் பூங்காவும் அவர்களுடையதாக இல்லை. மரம் வளர ஐம்பது வருஷம்; ஒப்பந்தமோ சில வருஷம்.

கெட்டிக்கார அதிகாரிகள் இதைச் சமாளிக்கவும் செய்தார்கள். பருவம் தொடங்குமுன் மேஸ்திரியோடு நடந்து ஒவ்வொரு இடத்தையும் பார்த்தார்கள். குறை கண்ட உடனே அபராத நோட்டீஸ் எழுதாமல், குறைக்குக் காரணம் மனிதனா மழையா என்று விசாரித்தார்கள். கட்டுப்படியாகாத மலிவு விலை கேட்டவன் வேலையிலும் அப்படியேதான் இருப்பான் என்பதைச் சிலர் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

1999-ல் வந்த புதுச் சட்டத்தின்படி, 2000 ஜனவரி 2-ஆம் தேதி முதல் கட்டாய டெண்டர் ஒழிந்தது. விலையோடு தரத்தையும் சேர்த்துப் பார் என்பது புதிய மந்திரம். இதற்குள் 1996-ல் லாட்டரிப் பணம் பழைய பூங்காக்களுக்கு வரத் தொடங்கியிருந்தது. நல்ல பூங்காக்களுக்குப் பச்சைக் கொடி விருது கொடுக்கும் திட்டமும் அதே வருஷம் பிறந்தது. அதன் நடுவர்கள் புல்லின் உயரத்தோடு நிற்பதில்லை. வருகிறவர்களுக்கு வரவேற்பு இருக்கிறதா, தனியாக வருகிற பெண் அச்சமின்றி நடக்க முடியுமா என்றும் பார்க்கிறார்கள். ஆனால் 2001-ல் வெளியான பூங்காக் கணக்கெடுப்பு, இருபது வருஷத்தில் சேர்ந்த செலவுப் பற்றாக்குறை சுமார் 130 கோடி பவுன் என்றது.

பழியை முழுவதும் காண்டிராக்டர் தலையில் போடுவது சுலபம். வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1875-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம் நகரசபைகள் பூங்கா வைத்துப் பராமரிக்கலாம் என்று அதிகாரம் கொடுத்தது. பராமரித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. இன்றளவும் இங்கிலாந்தில் அது கட்டாயக் கடமை அல்ல. பண முடை வரும்போதெல்லாம் கத்திரி முதலில் பூங்காவின் மேல் விழுவதற்கு அந்த ‘லாம்’ போதும். ஒப்பந்தக்காரன் வெட்டினாலும் நகரசபைத் தோட்டக்காரன் வெட்டினாலும், கெம்ப் மாதிரி ஒருவர் தினமும் அந்தப் பாதையில் நடந்து பார்ப்பதற்கு யாராவது சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்தச் செலவை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்பதுதான் டெர்பியில் 1840-ல் எழுந்த கேள்வி. இன்னும் அது தீரவில்லை.