மைதானத்து வாசலில் ஒரு பெயர்

பாரிசின் புறநகர்களில் பிள்ளைகளை உதைபந்தாட்டப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிற அப்பா அம்மாமாருக்கு 'ஸ்தாட் லியோ லக்ராஞ்ச்' என்ற பெயர் பழக்கமாக இருக்கும். பிரான்சில் எத்தனையோ ஊர்களில் இந்தப் பெயரில் மைதானம் இருக்கிறது. பொண்டியில் இருக்கிறது. கிலியான் எம்பாப்பே சின்னனில் பந்து உதைத்த ஊர் அதுதான். ஆர் இந்த லக்ராஞ்ச் என்று எங்கட ஆக்களிடம் கேட்டால், பழைய விளையாட்டு வீரனாக்கும் என்பார்கள். இல்லை. அவர் ஒரு வழக்கறிஞர், சோசலிசக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்.

'மெரி தந்த மைதானம்' என்று நாங்கள் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். மெரி ஏன் தருகிறது? ஒரு நகரசபை பிள்ளைகளின் ஓட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் ஏன் காசு செலவழிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருட வரலாறு இருக்கிறது. அதிலே அகதிகளாகிய எங்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் 1901. அந்த வருடம் யூலை 1ஆம் திகதி வந்த சட்டத்தின்படி இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் அமைக்கலாம். அரசின் முன் அனுமதி தேவையில்லை. பிரெபெக்சரில் அறிவித்தால் சட்டபூர்வமான அமைப்பாகிவிடும். இன்றைக்கு லாச்சப்பலில் நோட்டீஸ் ஒட்டுகிற ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக்கழகம் பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் பிள்ளைகள்தான். சங்கம் இருந்தால்தான் நகரசபை அதனோடு பேசும், மண்டபம் தரும், மானியம் தரும். தலைவர், செயலாளர், பொருளாளர், வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம் என்ற ஒழுங்கு இல்லாவிட்டால் பந்தும் இல்லை.

ஆனால் சங்கம் இருந்தால் மைதானம் தானாக வந்துவிடாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் விளையாட்டு என்பது பெரும்பாலும் வசதியுள்ளவனின் பொழுதுபோக்கு. தொழிலாளியின் பிள்ளைக்குத் தெருவும் வெறுங்காணியும்தான். சில நகரபிதாக்கள் இதை மாற்ற நினைத்தார்கள். லியோனில் நீண்டகாலம் நகரபிதாவாக இருந்த எதுவார் எரியோ, தொனி கார்னியே என்ற கட்டடக்கலைஞரைக் கொண்டு ஜெர்லான் விளையாட்டரங்கைக் கட்டுவித்தார். 1914இல் தொடங்கிய வேலை முதலாம் உலகப்போரால் இழுபட்டு 1926இல்தான் திறப்புவிழாக் கண்டது. பாரிசைச் சுற்றி சென் துனி, இவ்ரி போன்ற தொழிற்சாலை நகரங்களில் கொம்யூனிஸ்ட் நகரசபைகள் வந்தன. தொழிலாளியின் பிள்ளைக்குப் பாடசாலை, மருத்துவ நிலையம், கோடைகால முகாம் என்று கொடுத்த கையோடு மைதானத்தையும் கொடுத்தன. எங்கட சனம் நிறையப் பேர் இருக்கிற அதே புறநகர்கள்தான்.

இங்கே வேடிக்கை என்னவென்றால் தொழிலாளர் விளையாட்டு இயக்கமும் எங்கட இயக்கங்கள் மாதிரி இரண்டாகப் பிரிந்துதான் கிடந்தது. கொம்யூனிஸ்ட்டுக்கு ஒன்று, சோசலிஸ்ட்டுக்கு ஒன்று. பக்கத்து நாட்டில் ஹிட்லர் வந்த பிறகுதான் புத்தி வந்தது. 1934 டிசம்பரில் இரண்டும் இணைந்தன. அந்த அமைப்பின் செயலாளராக இருந்தவர் ஒகுஸ்ட் டுலோன். பின்னர் நாசிகளுக்கு எதிரான எதிர்ப்பு இயக்கத்தில் வேலை செய்து, பிடிபட்டு, சித்திரவதைக்குப் பின் 1943இல் இறந்தார். சென் துனியில் அவர் பெயரிலும் ஒரு விளையாட்டரங்கு இருக்கிறது. மைதானத்து வாசலில் இருக்கிற பெயர்களைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

1936இல் மக்கள் முன்னணி வென்றது. லியோன் புளூம் பிரதமர். அவருடைய அரசில் விளையாட்டுக்கும் ஓய்வுநேரத்துக்கும் பொறுப்பாக 35 வயது லியோ லக்ராஞ்ச் நியமிக்கப்பட்டார். வலதுசாரிப் பத்திரிகைகள் அதைச் 'சோம்பேறித்தனத்தின் அமைச்சு' என்று நக்கலடித்தன. அதே யூன் மாதத்தில்தான் இரண்டு வாரச் சம்பள விடுமுறையும் வாரத்துக்கு 40 மணிநேர வேலையும் சட்டமாகின. இதை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணிநேரம் வேலை செய்து வருகிறவனுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் மைதானம் இருந்தும் பிரயோசனமில்லை. மைதானத்தோடு நேரமும் வேண்டும். லக்ராஞ்ச் ஊர்ச் சபைகளின் மைதானத் திட்டங்களுக்கு அரச உதவி கொடுத்தார். விடுமுறைக்குப் போகும் தொழிலாளிக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் குறைப்பித்தார். போர் தொடங்கியதும் தானே விரும்பி முன்னரங்குக்குப் போய் 1940 யூன் 9ஆம் திகதி கொல்லப்பட்டார். வயது 39.

அதற்குப் பிறகு வந்த விஷி அரசும் விளையாட்டுக்கு உதவியது. 1940 டிசம்பரில் விளையாட்டுச் சாசனம் என்று ஒன்றைக்கூட வெளியிட்டது. ஆனால் அதற்கு வேண்டியது கீழ்ப்படிகிற இளைஞர்கள். அரசு விளையாட்டுக்குக் காசு கொடுத்தாலே நல்லது என்று கண்ணை மூடிச் சொல்லிவிட முடியாது. எதற்குக் கொடுக்கிறது, யாரைக் கேட்டுக் கொடுக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்த திருப்பம் 1960. ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு ஒரு தங்கம்கூட இல்லை. மொத்தம் ஐந்து பதக்கம். ஜெனரல் டு கோலுக்கு மானப் பிரச்சினை. மலையேறி மொரிஸ் எர்சொக் ஏற்கனவே விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்தார். 1961இல் விளையாட்டு வசதிகளுக்கென்று தனி நிதித்திட்டச் சட்டம் வந்தது. அரசும் ஊர்ச் சபையும் செலவைப் பங்கு போட்டன. புதிய அடுக்குமாடித் தொகுதிகளுக்குப் பக்கத்தில் உள்ளரங்குகள் எழும்பின. 1969இல் 'ஆயிரம் நீச்சல் தடாகம்' திட்டம் அறிவித்தார்கள். ஆயிரத்தை எட்டவில்லை, ஆனால் பல நூறு கட்டினார்கள். கவிழ்த்த கிண்ணம்போல வட்டமாக, வெயிலுக்குக் கூரையைத் திறக்கக்கூடிய 'தூர்னசோல்' தடாகங்கள் அந்தக் காலத்தவை. தூர்னசோல் என்றால் சூரியகாந்தி. இன்றைக்கு அவற்றில் பல பழுதாகிவிட்டன. திருத்த ஊர்ச் சபைகளிடம் காசில்லை. பதக்கக் கோபத்தில் கட்டுவது சுகம், ஐம்பது வருடம் பராமரிப்பதுதான் கஷ்டம்.

இனி எங்கட பக்கத்துக்கு வருகிறேன்.

1901 சட்டம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1939 ஏப்ரல் 12ஆம் திகதி தலாதியே அரசு ஓர் ஆணை போட்டது. வெளிநாட்டவர்கள் சங்கம் அமைப்பதென்றால் உள்துறை அமைச்சரின் முன் அனுமதி வேண்டும். ஸ்பெயினில் இருந்தும் ஹிட்லரின் கையில் இருந்தும் தப்பி அகதிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. போர் முடிந்தும் அந்த ஆணை எடுபடவில்லை. 42 வருடம் இருந்தது. மித்திரோன் ஜனாதிபதியான பிறகு, 1981 ஒக்ரோபர் 9ஆம் திகதிச் சட்டம்தான் அதை நீக்கியது.

எங்கட ஆடிக்கலவரம் 1983. இரண்டு வருடம்கூட இடைவெளி இல்லை. அந்த ஆணை நீடித்திருந்தால், அகதி அட்டையோடு வந்த பொடியள் ஒரு கரப்பந்தாட்டக் கழகம் பதிவதற்கும் உள்துறை அமைச்சின் அனுமதிக்குக் காத்திருந்திருக்க வேண்டும். எங்களுக்கு முன்பு வந்த இத்தாலியர், ஸ்பானியர், போர்த்துக்கீசர், அல்ஜீரியர் பட்ட கஷ்டத்தின் பலனைத்தான் நாங்கள் வந்த முதல்நாளே அனுபவித்தோம்.

அதே 1981 கோடையில் லியோனுக்குப் பக்கத்தில் வெனிசியூ நகரின் மேங்கெத் குடியிருப்பில் கார்கள் எரிந்தன. அடுத்த கோடைக்கு அரசு அவசரமாக விளையாட்டு, முகாம், கடற்கரைப் பயணம் எல்லாம் ஒழுங்கு செய்தது. அதற்கு வைத்த பெயரே 'சூடான கோடைக்கு எதிரான நடவடிக்கை'. அன்று முதல் புறநகர் இளைஞனுக்குப் பந்து கொடுப்பது நெருப்பணைக்கிற தண்ணீர்போல ஆகிவிட்டது. 2005 ஒக்ரோபர் 27ஆம் திகதி கிளிசி-சூ-புவாவில் மின்நிலையத்துக்குள் ஒளித்து மின்சாரம் தாக்கி இறந்த 17 வயது, 15 வயதுப் பொடியள் இருவரும் உதைபந்து விளையாடிவிட்டு வீட்டுக்குத் திரும்பியவர்கள்தான். பொலிசைக் கண்டு ஓடினார்கள். மைதானம் இருந்தது, பந்தும் இருந்தது. மைதானத்தில் இருந்து வீட்டுக்குப் போகிற பாதைதான் அவர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கவில்லை. ஊரில் சுற்றிவளைப்புக்குப் பயந்து மதில் ஏறிப் பாய்ந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஊரிலும் இது புதிய விசயமில்லை. சனசமூக நிலையங்களை உள்ளூராட்சி சபையில் பதிவோம், சபை சிறு மானியம் தரும். ஆனால் போர்க்காலத்தில் வடக்கில் தெரிவு செய்யப்பட்ட சபைகள் நீண்டகாலம் இயங்கவில்லை. யாழ்ப்பாணத்தின் பெரிய விளையாட்டரங்கே ஒரு நகரபிதாவின் பெயரில்தான் இருக்கிறது. அல்பிரட் துரையப்பா 1975 யூலை 27ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அரசியல் வாதத்தை இங்கே இழுக்கவில்லை. போரில் சிதைந்த அந்த அரங்கு இந்தியாவின் காசில் திருத்தப்பட்டு 2016 யூனில் திரும்பத் திறக்கப்பட்டது. கிராமத்து மைதானங்களுக்கு மதிலும் மின்விளக்கும் போடுவது பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிற நாங்கள்தான்.

என்னுடைய ஆதங்கம் இதுதான். ஊர் மைதானத்துக்கு விளக்குப் போடக் காசு சேர்க்கிற நாங்கள், எங்கட பிள்ளை ஒவ்வொரு புதன்கிழமையும் ஓடுகிற மைதானத்தின் கணக்கைப் பார்ப்பதில்லை. பிரான்சில் விளையாட்டிடங்களில் பத்தில் எட்டு அளவில் உள்ளூராட்சிகளுக்குச் சொந்தமானவை. நாங்கள் கட்டுகிற கழகச் சந்தா அந்த மைதானத்துப் புல்லு வெட்டக்கூடக் காணாது. மிச்சத்தை நகரசபை போடுகிறது. நகரசபையிடம் காசு குறைகிறபோது கத்தி முதலில் விழுகிற இடங்களில் கழக மானியமும் ஒன்று. அப்போது சபைக்குப் போய்க் கதைக்கிறவனுடைய கழகம் தப்பும். கதைக்காதவனுடையது மூடும்.

எங்கட ஆக்கள் கழகப் பொதுக்கூட்டத்துக்கு வருவது குறைவு. அதற்குக் காரணமும் இருக்கிறது. போட்டி சனி, ஞாயிறு. ரெஸ்ரோறண்டில் எங்களுக்கு வேலை கூடிய நாளும் சனி, ஞாயிறு. 1936இல் கிடைத்த ஓய்வுநேரம் குசினியில் கோப்பை கழுவுகிறவனுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. சனிக்கிழமை ஓய்வாக இருக்கிறவன்தான் தொண்டராகிறான், தொண்டராகிறவன்தான் நிர்வாகத்துக்கு வருகிறான், நிர்வாகத்தில் இருக்கிறவன்தான் நகரபிதாவோடு கதைக்கிறான்.

வாக்குரிமையும் அப்படித்தான். வெளிநாட்டவர்களுக்கு நகரசபைத் தேர்தலில் வாக்கு என்று மித்திரோன் 1981இல் வாக்குறுதி கொடுத்தார். ஐரோப்பிய ஒன்றியத்தவர்களுக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்கு இன்றுவரை இல்லை. பத்து வருட அகதி அட்டையோடு வரி கட்டலாம், மைதானத்துக்கு யார் பொறுப்பு என்று தீர்மானிக்க முடியாது. ஆனால் எங்களில் ஏராளமானோர் இப்போது பிரெஞ்சுக் குடிமக்கள். அவர்களில் எத்தனை பேர் நகரசபைத் தேர்தலுக்குப் போகிறார்கள்?

வருடத்துக்கு ஒருமுறை எங்கட விளையாட்டு விழாவுக்கு ஒருநாள் மைதானம் கேட்டுக் கடிதம் கொடுப்பதோடு மெரிக்கும் எங்களுக்கும் உள்ள உறவு முடிந்துவிடக்கூடாது. விழா வேண்டாம் என்று சொல்லவில்லை, கொத்துரொட்டியும் வேண்டும்தான். அதோடு சேர்த்து, பிள்ளை விளையாடுகிற ஊர்க் கழகத்தின் பொதுக்கூட்டம் எப்போது என்று கேளுங்கள். அனேகமாக அது வேலைநாள் பின்னேரத்தில்தான் இருக்கும். லீவு எடுக்கலாம். பிரெஞ்சு திறமாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கை தூக்கத் தெரிந்தால் போதும்.