படுகளத்தில் விழும் வீரர்கள்: அண்ணன்மார் கதையில் பாத்திரமும் போர்முறையும்

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசையாட்டத்தை வெளியிட்டார்கள். ஆட்டக்காரர் ஏற்க அதில் மூன்றே வேடங்கள்: போர்வீரன், மந்திரவாதி, பூசகர். மறு ஆண்டு திருடன் சேர்ந்தான். ஒருவர் எப்படிச் சண்டையிடுவார் என்பதே அவர் யார் என்பதையும் சொன்னது. கொங்கு நாட்டு உடுக்கைப் பாட்டுக்காரர்கள் இதற்கு வெகுகாலம் முன்பே இந்த நுட்பத்தைக் கையாண்டார்கள் என்பது என் துணிபு. அவர்கள் பாடிய அண்ணன்மார் கதை ஊடகம் மாறி வந்த வழியில் அந்த நுட்பம் என்ன ஆனது என்பதே இங்கே கேள்வி.

காங்கயம், தாராபுரம் பக்கம் அண்ணன்மார் கதை கேட்டு வளர்ந்தவருக்குப் பொன்னர் யார், சங்கர் யார் என்று பெயர் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. மூத்தவர் பொன்னர் பொறுமைசாலி. வாளை உருவுமுன் நியாயத்தை நினைப்பவர். இளையவர் சங்கருக்குக் கை முந்தும், பேச்சு பிந்தும். அவர்களுடைய துணைவன் சாம்புவனுக்கு உடல்வலிமையே ஆயுதம். தங்கை தங்காள் ஆயுதம் தொடுவதில்லை. வரப்போவதைக் கனவில் காண்பாள்; அவள் வாக்குப் பலிக்கும்.

இந்தப் பகுப்பு உச்சம் பெறுவது கொம்பன் என்ற காட்டுப்பன்றியின் வேட்டையில். சங்கரின் வீரம் மட்டும் அங்கே போதவில்லை. வீட்டில் விட்டுவந்த பொன்னாச்சி என்ற சிறு பெட்டைநாயை வரவழைக்க வேண்டியிருக்கிறது. அது கடித்துத் தளர்த்திய பிறகே பன்றியின் மேல் ஈட்டி பாய்கிறது. படையிலேயே சிறிய உயிர், பெரிய வீரனால் ஆகாததைச் செய்து முடிக்கிறது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

மானுடவியலாளர் பிரெண்டா பெக், இன்றைய திருப்பூர் மாவட்டத்து ஓலப்பாளையத்தில் தங்கி, 1965இல் இக்கதையை ஒலிநாடாவில் பதிந்தார். ஊரார் முன் பாடியதையும் அதே பாடகர் எழுதிக்கொள்வதற்காகச் சொன்னதையும் ஒப்பிட்டு, 1982இல் ‘தி த்ரீ ட்வின்ஸ்’ நூலை வெளியிட்டார். பின்னர் அவர் முயற்சியில் இக்கதையே 26 பகுதி அசைவூட்டத் தொடராகவும் வந்தது. மு. கருணாநிதி இதே கதையைப் ‘பொன்னர் சங்கர்’ என வரலாற்று நாவலாக எழுதினார். 2011இல் அது திரைப்படமானது. அண்ணன் தம்பி இருவராகவும் பிரசாந்தே நடித்தார். குணத்தாலும் கைவேகத்தாலும் பாட்டுக்காரர் பிரித்துவைத்த இருவர் திரையில் ஒரே முகமானார்கள். ஏடும் திரையும் கதையைக் காத்தன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கேட்பவருக்குக் கதைக்குள் இருந்த இடம் அவற்றில் இல்லை.

அந்த இடம் படுகளத்தில், அதாவது வீரர்கள் மாண்ட களத்தை நிகழ்த்திக்காட்டும் சடங்கில், இருக்கிறது. மணப்பாறை அருகே வீரப்பூரில் மாசித் திருவிழாவுக்குக் கொங்குச் சீமையிலிருந்து திரளாகப் போகிறார்கள். கதையில் அண்ணன்மார் மாண்ட கட்டம் வரும்போது, அருள் வந்த இளைஞர்கள் களத்தில் சாய்கிறார்கள். மேசையாட்டத்தில் வேடத்தை ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கிறார்; இங்கே வேடம் ஆளைத் தேடி வருகிறது. தோற்ற பாத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளவும் முடியாது. தங்காள் வடிவில் வருபவள் தீர்த்தம் தெளித்து எழுப்ப வேண்டும். அதுவரை உடுக்கை ஒலிக்கிறது, விழுந்தவர்கள் அசைவதில்லை.