கடற்பாசி முதல் ஒளிவருடி வரை

புத்தளக் கடனீரேரிக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் நிலத்தின் முனையில் அமைந்த ஊர் கற்பிட்டி. ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் அங்கு நிற்கின்றது. கற்பிட்டி என்றதும் வரலாற்று மாணவர்க்கு அக்கோட்டையே நினைவுக்கு வரும். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருந்து நூல்களில் இவ்வூரின் பெயர் ஏறியமைக்குக் காரணம் கோட்டையன்று. கடனீரேரியில் வளர்ந்த ஒரு பாசியே யாகும்.

சோளகக் காற்று வீசும் காலத்தில் நீர் கலங்க, பாசி வேரற்று மிதக்கும். புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையிலுள்ள பரவைநீரில் மக்கள் அதனைச் சேகரிப்பர். பாய்களிற் பரப்பி இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்துவர். நன்னீரிற் பலமுறை கழுவி மீண்டும் வெயிலில் இட்டு வெளுக்கச் செய்வர். இம்முறையை அக்காலத்து நூல்கள் விரிவாகவே வருணிக்கின்றன. ஆங்கிலேயர் அதற்கு ‘இலங்கைப் பாசி’ என்று பெயரிட்டு, நோயாளர்க்கேற்ற இலகுவான உணவெனப் போற்றினர். நோன்புக் காலத்தில் நம் முஸ்லிம் இல்லங்களிற் செய்யப்படும் கடற்பாசியைச் சுவைத்தோர்க்கு அதன் இயல்பு புதிதன்று.

இத்தகைய செம்பாசிகளிலிருந்து பெறப்படும் பசையே அகார் எனப்படுவது. கொதிநீரிற் கரைந்து திரவமாகும் அது, உடற்சூட்டை அண்மித்த வெப்பநிலைக்கு ஆறியபின்னரே உறையும். உறைந்த பின்னரோ, இளஞ்சூட்டில் மீண்டும் இளகுவதில்லை. சமையலறையிற் பலரும் அறிந்த இப்பண்பை 1881ஆம் ஆண்டளவில் ஃபானி ஹெஸ்ஸெ என்னும் அமெரிக்காவிற் பிறந்த பெண்மணி தம் கணவருக்கு எடுத்துரைத்தார். அதன் வழியே அகார் கிருமியியல் ஆய்வுகூடத்துட் புகுந்தது. பின்னர் அதே பண்பு பல் வைத்தியத்துக்கும் பயன்பட்டது.

செயற்கைப் பல் செய்வதற்கு முதலில் வேண்டுவது வாயின் அச்சு. பேர்லின் நகரத்துப் பல் வைத்தியர் பிலிப் பாஃப் 1756ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மெழுகினால் அச்செடுக்கும் முறையை விளக்கினார். 1840களில் பாரிஸ் சாந்து வழக்கிற்கு வந்தது. சாந்து நுட்பமாகவே பதியும். ஆனால் வாயினுள் இறுகியபின் வளையாது. பல்லின் குழிவுகளிற் சிக்கிய சாந்தை உடைத்தெடுத்து, துண்டுகளை வெளியே பொருத்தவேண்டிய நிலையும் உண்டு. நோயாளி பட்ட பாட்டைச் சொல்லவேண்டுவதில்லை.

வியன்னாவைச் சேர்ந்த அல்போன்ஸ் பொல்லர் 1925ஆம் ஆண்டளவில், அகார் கலந்த அச்சுப்பொருளொன்றை உருவாக்கினார். 1937ஆம் ஆண்டில் சியர்ஸ் என்னும் அமெரிக்கர், பல்லுறைகள் செய்வதற்கு அதனைக் கையாண்டார். கொதிக்க வைத்து, வாய் தாங்கும் சூட்டிற்கு ஆற்றி, தட்டில் நிரப்பி வாயினுள் வைப்பர். தட்டைச் சுற்றிய குழாயிற் குளிர்நீர் ஓடப் பாசிப்பசை உறையும். இழுத்தால் வளைந்து கொடுத்து வெளிவரும். பின் தன் வடிவத்திற்கே மீளும். வளையும் அச்சு என்பது பல் வைத்தியத்தில் ஒரு புதிய காலத்தைத் தொடக்கி வைத்தது எனலாம்.

அந்நாளில் உலகச் சந்தைக்கு அகார் வழங்கிய முதன்மையான நாடு ஜப்பான். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அவ்வழி அடைபட்டது. மாற்றுப்பொருளைத் தேடியோர், கபிலநிறப் பாசியிலிருந்து 1881ஆம் ஆண்டளவில் ஸ்டான்ஃபோர்ட் என்னும் பிரித்தானிய இரசாயனவியலாளர் பிரித்தெடுத்த அல்ஜினேற்றை நாடினர். கொதிக்க வைக்கவும் வேண்டா, குளிர்நீர்க் குழாயும் வேண்டா. தூளைத் தண்ணீரிற் குழைத்தாற் போதும். 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியக் கல்வி தொடங்கிய காலமும் ஏறத்தாழ இதுவே. இன்றும் கழற்றி மாட்டும் பற்றட்டுகளுக்கு அல்ஜினேற்று பெரிதும் உதவுகின்றது.

எனினும், பாசி அச்சுக்கு ஒரு குறை உண்டு. அது தன்னுட் கொண்ட நீரைக் காற்றில் இழந்து சுருங்கும். நீரில் இட்டால் உறிஞ்சிப் பருக்கும். ஆகவே, சாந்தை உடனே வார்த்துவிடவேண்டும். இக்குறை பெரிதாகத் தோன்றியது, தாடையெலும்பில் உலோக வேர் பதிக்கும் முறை வந்தபோதுதான். சுவீடன் நாட்டு அறிஞர் பிறோனெமார்க், தைத்தேனியம் என்னும் உலோகம் எலும்போடு இறுகப் பிணைவதைத் தம் ஆய்விற் கண்டு, 1965ஆம் ஆண்டில் முதன்முறையாக மனிதர்க்கு அதனைப் பதித்தார். இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்ப்படலம் உண்டு; சிறு பிசகை அது தாங்கிக் கொள்ளும். உலோக வேருக்கு அப்படலம் இல்லை. அச்சுப் பிசகினால், மேலே பூட்டும் பல் பொருந்தாது. வலிந்து பூட்டினால் திருகாணி தளரும், முறியும்.

ஆதலால், 1950களிலிருந்து வளர்ந்துவந்த செயற்கை இறப்பர்கள் துணைக்கு வந்தன. 1960களில் பொலியீதரும், 1970களில் புதுவகைச் சிலிக்கோனும் தோன்றின. இவை நீரிழந்து சுருங்குவன அல்ல. உலோக வேரின் மீது ஓர் அச்சுத்தண்டைத் திருகி, அதனைச் சுற்றி இறப்பரை இறுக்கி, தண்டின் நிலை மாறாதபடி எடுப்பதே இம்முறையின் உயிர்நாடி.

இதற்கிடையில் மற்றொரு சிந்தனை பிறந்தது. பொருளே இன்றி ஒளியினால் அச்செடுக்க முடியாதா? 1973ஆம் ஆண்டில் பிரான்சியரான பிரான்சுவா துயிரே தம் ஆய்வேட்டில் இக்கருத்தை முன்வைத்தார். 1985ஆம் ஆண்டில் சூரிச் பல்கலைக்கழகத்தில் மோர்மன் என்னும் பேராசிரியர், பொறியியலாளர் பிராண்டெஸ்டினியோடு இணைந்து ஆக்கிய கருவி, முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. இன்றைய ஒளிவருடி கைக்கடக்கமானது. உலோக வேரின்மீது ஓர் அடையாளத் தண்டைத் திருகி, வாயினுள் வருடியை நகர்த்தினால், அடுத்தடுத்து எடுக்கும் படங்களைக் கணினி ஒன்றோடொன்று இணைத்து முழு வடிவத்தையும் திரையிற் காட்டும்.

எது மேலானது என்ற வினாவுக்கு ஒரே விடை இல்லை. ஒரு பல்லுக்கோ, அடுத்தடுத்த சில பற்களுக்கோ, ஒளிவருடி இறப்பர் அச்சுக்கு இணையாகவே விளங்குகின்றது. குமட்டல் உடையார்க்கு அது பெரிய ஆறுதல். ஆனால், பல்லே இல்லாத முழுத் தாடையில் நிலை வேறு. வழுவழுப்பான ஈறிற் கணினி பற்றிக்கொள்ள அடையாளங்கள் குறைவு. ஒவ்வோர் இணைப்பிலும் நேரும் சிறு பிழை மறுகோடி சேர்வதற்குள் பெருகிவிடலாம். உமிழ்நீரும் குருதியும் ஒளியை மறைக்கும். ஆகவே, அத்தகையோர்க்கு, தண்டுகளைப் பிணைத்து எடுக்கும் இறப்பர் அச்சைப் பல வைத்தியர் இன்றும் கைவிடவில்லை. தண்டுகளின் இடத்தைப் புகைப்படவளவை முறையால் அளக்கும் தனிக்கருவிகளும் வந்துள்ளன.

இவ்வினா ஆய்வுகூடத்தோடு நின்றுவிடுவதும் அன்று. கற்பிட்டியிலிருந்து புத்தளம் நகரமே ஏறத்தாழ 50 கிலோமீற்றர். வைத்தியரைக் காண ஒரு மீனவர் செல்லும் ஒவ்வொரு நாளும், கடலுக்குப் போகாத நாளாகும். அச்சுத் தவறினால் அவருக்கு மற்றொரு பயணம். மற்றொரு நாளின் வருவாய் இழப்பு. ஒளிவருடியில், தவறிய இடம் உடனே திரையிற் தெரியும். நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே திரும்ப வருடலாம். எடுத்த வடிவத்தையும் தொலைவிலுள்ள தொழிற்கூடத்துக்கு அக்கணமே அனுப்பலாம். எனினும், கருவியின் விலை பெரிது. அது உள்ள இடத்திற்கே நோயாளி செல்லவேண்டியுள்ளது. ஒரு பொதி அல்ஜினேற்றோ மின்சாரம் இல்லாத சிற்றூரிலும் பயன்படும்.

மெழுகு, சாந்து, பாசி, இறப்பர், ஒளி என்று அச்செடுக்கும் பொருள் மாறி வந்துள்ளது. ஒவ்வொன்றும் முன்னதன் குறையைத் தீர்த்து, தன் குறையொன்றையும் உடன் கொணர்ந்தது. புதியதென்பதற்காக ஒன்றைக் கொள்வதும், பழையதென்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும் அறிவுடைமை ஆகா. கற்பிட்டிக் கரையிற் பல்லிழந்த முதியவர் ஒருவர் மீண்டும் மீனும் சோறும் மென்று உண்ணவேண்டும்; அதற்கு எந்த முறை குறைந்த அலைச்சலிற் பிழையற்ற அச்சைத் தருமோ, அதுவே அவருக்குச் சிறந்த முறை.